விளம்பர வேகமும் கடை வேகமும்: இணைய இணைப்பை அளந்து வாங்குவோம்

துவரம்பருப்புப் பொட்டலத்தில் எடை குறைந்தால் அதிகாரி வந்து கேட்கிறார். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். அதனால் தராசுக்குத் தவறாமல் முத்திரை வைக்கின்றோம், மூட்டை வந்து இறங்கியவுடன் எடை போட்டுப் பார்க்கின்றோம். ஆனால் மாதந்தோறும் பணம் கட்டி வாங்கும் ஒரு சரக்கை மட்டும் நாம் அளந்து பார்ப்பதில்லை. அதுதான் இணைய இணைப்பு.

"100 என்று சொல்லிக் கொடுத்தார்கள், அளந்தால் 40 காட்டுகிறது, இது ஏமாற்று வேலைதானே?" என்று கொடைக்கானல், பெருமாள்மலை, பண்ணைக்காடு, பூம்பாறை வட்டாரத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் கேட்கின்றனர். சில இடங்களில் அது கொடுப்பவரின் குறை. சில இடங்களில் குறை நம் கடைக்குள்ளேயே இருக்கிறது. இன்னும் சில இடங்களில் விளம்பரத்தில் உள்ள எண்ணை நாம் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. இம்மூன்றையும் பிரித்து அறிந்தால்தான் கட்டும் பணத்துக்கு உரிய சரக்கைக் கேட்டு வாங்க முடியும். இக்கட்டுரையில் அதனைக் காண்போம்.

நமக்கு இது எதற்கு?

யு.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. சரக்கு லாரிக்கு மின்வழிச் சீட்டு எடுக்கும் முறை 2018-இல் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வணிகர்கள் 2023 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லையும் மின்னணு முறையில் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. இணைப்பு நின்றால் லோடு நிற்கிறது. லோடு நின்றால் கூலியாட்களும் சும்மா நிற்கின்றனர். எனவே இணைப்பும் தராசைப் போல நம் கடைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

முதற்பாடம்: எந்தப் படியில் அளக்கிறார்கள்?

விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்று போடுகிறார்கள். இது டாக்டர் பட்டம் அல்ல. விநாடிக்கு 100 மெகாபிட் என்று பொருள். ஆனால் நாம் ஒரு கோப்பை இறக்கும்போது கணினி காட்டுவது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது விநாடிக்கு பன்னிரண்டரை மெகாபைட்தான். திரையில் 12 என்று பார்த்துவிட்டு "நூறு எங்கே?" என்று சண்டைக்குப் போகக்கூடாது. ஆழாக்கில் கேட்டுவிட்டுப் படியில் எண்ணிப் பார்த்த கதையாகிவிடும்.

அடுத்து, மூட்டைக்கு மொத்த எடை, நிகர எடை என்று இரண்டு உண்டு. சாக்கின் எடையைக் கழிக்கிறோம். இணையத்திலும் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகத்தான் வருகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் விவரம் எழுதிய உறை உண்டு. அந்த உறையும் பாதையில் இடம் பிடிக்கும். 100 மெகாபிட் கம்பி வழியில் எல்லாம் சரியாக இருந்தாலும் நிகரமாகக் கிடைப்பது சுமார் 94 அல்லது 95. இந்தக் கழிவு நியாயமானது. இதற்குமேல் குறைவதைப் பற்றித்தான் நாம் கேட்க வேண்டும்.

இரண்டாம் பாடம்: "வரை" என்பதும் "சராசரி" என்பதும்

"100 எம்.பி.பி.எஸ். வரை" என்ற விளம்பரத்தில் கடைசிச் சொல்தான் முக்கியம். நூறு என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டாது என்பதற்கு உறுதி உண்டு. அந்த அளவு எப்போதும் வரும் என்பதற்கு உறுதி இல்லை.

பிரிட்டனில் இதே வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு 2012-இல் ஒரு விதி வைத்தது. நூற்றுக்குப் பத்து வாடிக்கையாளருக்காவது கிடைக்கும் வேகத்தையே "வரை" என்று போடலாம் என்பது அந்த விதி. மீதித் தொண்ணூறு பேர் என்ன செய்வது என்று மக்கள் கேட்டனர். 2018 மே 23 முதல் விதி மாற்றப்பட்டது. இரவு 8 மணி முதல் 10 மணி வரையிலான நெருக்கடி நேரத்தில், பாதிப்பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே "சராசரி" என்று விளம்பரம் செய்ய வேண்டும் என்றாயிற்று.

இது முன்னேற்றம்தான். ஆனாலும் கணக்கைக் கவனியுங்கள். நூறு வீடுகளை வேக வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் வீட்டின் வேகம் அது. அந்த வீட்டுக்குக் கீழே ஏறக்குறைய ஐம்பது வீடுகள் இருக்கின்றன. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஐம்பதில் ஒன்றாக நம் கடை இருந்தால் அந்த உண்மையால் நமக்கு என்ன லாபம்?

நம் தொழிலில் சட்டம் இப்படி விடுவதில்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, சோதனைக்கு எடுத்த பொட்டலங்களின் சராசரி எடை அறிவித்த எடைக்குக் குறையக்கூடாது. அதோடு முடிவதில்லை, ஒவ்வொரு பொட்டலத்தின் குறைவும் தனியாகப் பார்க்கப்படுகிறது. ஒரு கிலோப் பொட்டலத்துக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 15 கிராம். ஒரு பொட்டலத்தில் 1,200 கிராமும் மற்றொன்றில் 800 கிராமும் போட்டுவிட்டு "சராசரி சரியாக இருக்கிறதே" என்று நாம் சொன்னால் யாராவது ஏற்பார்களா? இணைய வேகத்தையும் நாம் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு விதிகள்

2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அதற்கு பிராட்பேண்ட் என்று பெயர். பிறகு அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என்று உயர்த்தப்பட்டது. பெயருக்கு வேண்டிய தகுதி இவ்வளவுதான்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் தர விதிகளை வகுத்தது. வாடிக்கையாளர் வாங்கிய வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றும், நெருக்கடி நேரத்தில் பெரும்பாதைகள் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக்கூடாது என்றும் அவ்விதிகள் கூறின. ஆனால் அந்த 80 சதவீதம் நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வாடிக்கையாளர் வீடு வரை உள்ள பாதைக்குத்தான். அதற்கு அப்பாலுள்ள உலகத்துக்கு அல்ல. அவ்விதிகளுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2024 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தன.

மாத ஒதுக்கீடு தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 அக்டோபரில் டிராய் ஆணையிட்டது. மாதக் கடைசியில் மட்டும் இணைப்பு நத்தையாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒதுக்கீட்டைத்தான்.

மூன்றாம் பாடம்: வழியில் எங்கே குறைகிறது?

1. பங்கு. ஃபைபர் இணைப்பு என்றால் நமக்கென்று தனி இழை சென்னையிலிருந்து வருகிறது என்று நினைக்க வேண்டாம். பரவலாக உள்ள முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, ஸ்ப்ளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. அந்த இழையின் மொத்த வேகம் விநாடிக்கு சுமார் 2,488 மெகாபிட். 64 பேரும் ஒரே நேரத்தில் முழு அளவு இழுத்தால் ஆளுக்கு 39 மெகாபிட்கூட முழுதாகத் தேறாது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் 64 பேருக்கும் 100 என்று விற்க முடிகிறது. நாமும் எல்லா வாடிக்கையாளரும் ஒரே நாளில் சர்க்கரை கேட்கமாட்டார்கள் என்ற கணக்கில்தானே இருப்பு வைக்கிறோம்? ஆகவே இந்தப் பங்கு முறையே தவறு என்று சொல்வதற்கில்லை. அளவு மீறிப் பங்கு போடுவதுதான் தவறு. வீடுகளில் படம் பார்க்கும் நேரமும் கடைகளில் கூட்டம் நிற்கும் நேரமும் இரவு 7 முதல் 10 மணிதான் என்பதால் நமக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

2. மலையேறும் பாதை. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் ஒரு பாதை அறுந்தால் சுற்றி வர வேறு பல பாதைகள் உண்டு. மலைக்கு ஏறும் வழிகளோ சில. வத்தலக்குண்டுச் சாலை, பழனிச் சாலை என்று நம் சரக்குக்கு உள்ள கட்டுப்பாடுதான் சாலையோரம் வரும் கேபிளுக்கும் உண்டு. மண் சரிந்தாலும், மரம் விழுந்தாலும், சாலையை அகலப்படுத்தத் தோண்டினாலும் கேபிளுக்கு ஆபத்து. 2018 நவம்பரில் கஜா புயல் மலையில் மரங்களைச் சாய்த்து மின்சாரத்தையும் போக்குவரத்தையும் நிறுத்தியதை நாம் மறக்கவில்லை. சில இடங்களுக்கு ஃபைபர் இல்லாமல் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு மைக்ரோவேவ் முறையில் இணைப்பு வருகிறது. அந்தப் பாதையின் கொள்ளளவு ஃபைபரைவிடக் குறைவு.

3. செம்புக் கம்பி. பழைய தொலைபேசிக் கம்பியில் வரும் இணைப்புக்குத் தூரம்தான் எதிரி. அம்முறையில் நிலையத்துக்கு அருகில் 24 மெகாபிட் வரை கிடைக்கக்கூடியது, நான்கைந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால் இரண்டு மூன்றாகத் தேய்ந்துவிடும். கம்பி இணைப்புகளில் ஈரம் இறங்கினால் அதுவும் இல்லை. நம் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை.

4. காற்று வழி. கைபேசிக் கோபுரத்திலிருந்து வீட்டுக்கு இணைப்பு தரும் முறை 2023 முதல் நாட்டில் பரவி வருகிறது. இதில் கோபுரத்துக்கும் கூரைக்கும் நடுவே மலைச்சரிவோ அடர்ந்த மரங்களோ இருந்தால் வேகம் குறையும். அதைவிட முக்கியம், அந்தக் கோபுரத்தைச் சுற்றுலாப் பயணிகளும் பங்கு போடுகிறார்கள். கூட்டம் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்கப்பட்டது. ஒவ்வொரு வாகனத்திலும் எத்தனை கைபேசி என்று எண்ணிப் பாருங்கள்.

5. கடைக்குள். நம்மில் பலர் கவனிக்காத இடம் இதுதான். வைஃபை பெட்டியைக் கிடங்கு மூலையில், எண்ணெய் டின்களுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் பின்னால் வைத்துவிடுகிறோம். தகரம் அலையைத் தடுக்கிறது. அடுக்கிய மூட்டைகள் அலையை உறிஞ்சுகின்றன. பழைய கட்டிடங்களின் தடித்த கல்சுவரும் சும்மா விடுவதில்லை. மேலும் வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்துக் கடைகளின் பெட்டிகளோடு மோதும். 5 வேகமாக வரும், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும்.

6. எதிர்முனை. சரக்கு மெதுவாக வருவதற்குச் சாலை மட்டும் காரணமல்ல. அனுப்பும் கிடங்கில் கூட்டம் இருக்கலாம். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் தளம் திணறியதால்தான் 2020 ஜனவரியில் மத்திய அரசு கடைசித் தேதியைப் பிரித்து வைத்தது. அப்படிப்பட்ட நாளில் நம் இணைப்பை 300-க்கு உயர்த்தினாலும் பயனில்லை.

நாட்டுச் சராசரி நமக்குப் பொருந்துமா?

நாட்டின் சராசரி வேகம் இவ்வளவு என்று செய்தி வருகிறது. அது சென்னை, மதுரை, மன்னவனூர் எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்ட கணக்கு. அளந்து பார்ப்பவர்களும் எல்லோரும் அல்லர். புதிதாக இணைப்பு வாங்கியவரும் வேகம் குறைந்து கோபத்தில் இருப்பவரும்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். தவிர, அளக்கும் செயலி அருகிலுள்ள கணினியைத் தேர்ந்தெடுத்து, பல வழிகளை ஒன்றாகத் திறந்து இழுத்துப் பார்க்கிறது. நம் பில்லிங் மென்பொருளோ தொலைவிலுள்ள ஒரு கணினியோடு ஒற்றை வழியில் பேசுகிறது. இரண்டுக்கும் ஒரே எண் வராது.

அரசுத் திட்டங்களின் எண்ணையும் இப்படியே படிக்க வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டு செல்லும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் உள்ளது. மலைக் கிராமங்களுக்கு இது பெரிய நன்மை. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் வருவது வேறு; அங்கிருந்து நம் கடை வாசலுக்கு வருவது வேறு.

நான்காம் பாடம்: அளக்கும் முறை

இதற்கு ஒரு சிறு நோட்டும் ஏழு நாள் பொறுமையும் போதும்.

முதலில் வைஃபையை விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து கணினிக்கு நேராக லேன் ஒயர் போடுங்கள். மற்றக் கைபேசிகளை அந்த நேரத்துக்கு இணைப்பிலிருந்து விலக்குங்கள். காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8 மணி என்று தினம் மூன்று முறை அளந்து, இறங்கும் வேகம், ஏறும் வேகம், தாமதம் ஆகிய மூன்றையும் நாள்வழியில் எழுதுவது போல் எழுதுங்கள். தாமதம் என்பது செய்தி போய்த் திரும்பும் நேரம். ஃபைபரில் ஒளி விநாடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. 500 கிலோமீட்டர் போய்வர ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடி போதும். 200, 300 பங்கு என்று காட்டினால் வழியில் எங்கோ நெரிசல் என்று அறியலாம்.

கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி பார்ப்போம். 100 மெகாபிட் இணைப்பில் காலைச் சராசரி 93, பிற்பகல் சராசரி 86 என்று வைத்துக்கொள்வோம். திங்கள் முதல் ஞாயிறு வரை இரவு அளவுகள் 62, 58, 49, 55, 60, 31, 28. இரவுச் சராசரி 49. மூன்றையும் சேர்த்த மொத்தச் சராசரி 76. "76 வருகிறதே, பரவாயில்லை" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் கூட்டம் மிகுந்த சனி, ஞாயிறு இரவுகளில் நமக்குக் கிடைத்தது 31, 28தான். நாம் பார்க்க வேண்டிய எண் இதுவே. சராசரியை மட்டும் பார்த்து வாங்குபவர், சந்தை நாளில் சரக்கு இல்லாமல் நிற்பார்.

பிறகு அதே நேரங்களில் வைஃபையிலும் அளந்து பாருங்கள். ஒயரில் 90, வைஃபையில் 25 என்றால் குறை கடைக்குள். பெட்டியை உயரமான, மறைவில்லாத இடத்துக்கு மாற்றுங்கள். ஒயரிலும் இரவில் மட்டும் குறைந்தால் பங்கு நெரிசல். எல்லா நேரமும் குறைந்தால் கம்பியிலோ பெட்டியிலோ பழுது. மழை நாளில் மட்டும் என்றால் ஈரம். இப்படி நோயைப் பிரித்தறிந்த பிறகே மருந்து.

ஐந்தாம் பாடம்: அளந்தபின் செய்ய வேண்டியவை

பெரிய பேக்குக்கு உடனே மாறிவிட வேண்டாம். பில் போடவும், மின்வழிச் சீட்டு எடுக்கவும் செல்லும் தகவல் மிகச் சிறியது. அதற்கு வேண்டியது அறுபடாத, தாமதமில்லாத இணைப்புதான். நெரிசலான பாதையில் 100-க்குப் பதில் 300 வாங்குவது, அடைபட்ட மலைப்பாதையில் டெம்போவுக்குப் பதில் லாரி அனுப்புவது போன்றது. வாடகைதான் கூடும்.

கியூ.ஆர். அட்டையில் பணம் நிற்கிறது என்றால் அதற்கும் நம் பிராட்பேண்டுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அங்கே ஓடுவது வாடிக்கையாளரின் கைபேசி இணைப்பு. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி பெரும்பாலும் தன் சொந்த சிம்மில் ஓடுகிறது. சீசன் நாட்களில் கோபுரம் திணறும்போது, வாடிக்கையாளருக்கென்று விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லுடன் திறந்து வைத்தால் கல்லா நிற்காது. கணக்குக் கணினி உள்ள இணைப்பை மட்டும் அவர்களோடு சேர்க்காதீர்கள்.

புதிய இணைப்பு வாங்கும்முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ஓர் இழையில் எத்தனை வீடுகள்? இரவில் உறுதியாகக் கிடைக்கும் வேகம் எவ்வளவு? ஒதுக்கீடு தீர்ந்தபின் எவ்வளவு? பாதை அறுந்தால் மாற்றுப்பாதை உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதே தெருவில் அதே நிறுவன இணைப்பு வைத்திருக்கும் கடைக்காரரிடம் இரவு 8 மணிக்கு ஒருமுறை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஊர் விளம்பரத்தைவிட அந்த ஒரு அளவு மேலானது.

குறை இருந்தால் நோட்டோடு புகார் செய்யுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டின் குறைதீர்ப்பு விதிகளின்படி முதலில் நிறுவனத்தின் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி என்று இரண்டு படிகள் உண்டு. தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஆனால் வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்ற எதிர்வாதம் வரக்கூடும்; சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்வோருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்பதையும் அறிந்து வைத்திருப்பது நல்லது.

கடைசியாக, மலையில் ஒரே இணைப்பை நம்பி வியாபாரம் செய்வது கூடாது. வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைத் தயாராக வையுங்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு சிறு பேட்டரியும் வைத்துவிட்டால் மின்சாரம் போனாலும் பில் ஓடும்.

ஒரு கடைக்காரர் தனியே புகார் செய்தால் அது ஒரு புகார். ஒரே வீதியில் பத்துக் கடைக்காரர்கள் ஏழு நாள் நோட்டை ஒன்றாகக் கொண்டுபோனால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சங்கக் கிளைகள்தோறும் இதை ஒரு வேலையாக எடுத்துச் செய்யலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று பெரியோர் சொன்னார்கள். காசு போட்டு வாங்குவதை அளக்காமல் விடலாமா?